காய்கறிப் பயிர்களில் செயற்கை விதைத் தொழில்நுட்பம்

முன்னுரை

கருவும் அதற்குரிய உணவும் காக்கும் உறையும் ஒருங்கே அமைந்ததே விதை. மகரந்தச் சேர்க்கையின்றித் தாய்ச்செடியின் உடல் உயிரணுவிலிருந்தே கருவை வளர்த்து, அதற்கு உணவையும் உறையையும் மனிதர் அமைத்துத் தருவது செயற்கை விதை ஆகும். அது வயலில் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

தோற்றம்

கேரட் உயிரணுக்களிலிருந்து கருக்களைப் பெறலாம் என்பதை 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டூவர்டும் ஜெர்மனியில் ரைனெர்ட்டும் காட்டினர். அவற்றை உறையிட்டு விதைபோல் பயன்படுத்தும் கருத்தை 1977இல் முராசிகே முன்வைத்தார். 1982இல் கிட்டோவும் ஜானிக்கும் கேரட் கருக்களுக்குக் கூட்டாக உறையிட்டனர். 1984இல் ரீடன்பாவும் அவர்தம் குழுவினரும் செலரி, குதிரைமசால் ஆகியவற்றின் கருக்களைத் தனித்தனியே ஆல்ஜினேட் கூழில் பொதிந்தனர்.

உருவாக்கும் முறை

ஆல்ஜினேட் பழுப்புநிறக் கடற்பாசியிலிருந்து பெறப்படுகிறது. மன்னார் வளைகுடாக் கரையில் சேகரிக்கப்படும் சர்காசம் பாசியும் அதற்கு மூலப்பொருளாகும். கருக்கள் கலந்த சோடியம் ஆல்ஜினேட் கரைசலைக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுவர். சோடியத்தின் இடத்தைக் கால்சியம் பற்றிக்கொள்ள, ஒவ்வொரு சொட்டும் மணியாக இறுகும். மணியினுள் சேர்க்கப்படும் சர்க்கரையும் தாது உப்புகளும் கருவூணுக்கு ஈடாகின்றன. கருவுக்கு மாற்றாகத் தண்டு நுனியையும் கணுமொட்டையும் இவ்வாறு பொதியலாம்.

பயனும் தடையும்

வீரிய ஒட்டு இரகத்தின் விதையை எடுத்து மீண்டும் விதைத்தால் பண்புகள் பிரிந்துவிடும்; செயற்கை விதை தாயின் பண்பைப் பெரும்பாலும் அப்படியே காக்கும். உருளைக்கிழங்குச் சாகுபடியில் ஹெக்டேருக்கு 2 டன்னுக்கும் மேற்பட்ட விதைக்கிழங்கு தேவைப்படுகிறது. அதனுடன் நச்சுயிரி நோயும் வயலுக்கு வரக்கூடும். நோயற்ற திசுவிலிருந்து உருவாக்கும் மணிகள் இவ்விரு சுமைகளையும் குறைக்கவல்லன.

ஆயினும், இயற்கை விதை உலர்ந்து உறங்குவது. செயற்கை விதைகளுள் பெரும்பாலானவை ஈரத்தோடு விழித்திருப்பவை. ஆதலால் அவற்றை நெடுநாள் சேமித்தல் அரிது. மணியிலுள்ள சர்க்கரை மண்ணில் பூஞ்சைக்கும் உணவாகிறது. ஆய்வகக் குடுவையில் நன்கு முளைத்தவை வயலில் தவறுவதற்கு இது ஒரு காரணம். தக்காளி, வெண்டை போன்று விதை மிகுதியாகக் கிடைக்கும் பயிர்களில் ஆய்வகச் செலவும் கட்டுப்படியாகாது.

முடிவுரை

ஒரே தாயின் நகல்கள் வயல் முழுதும் நின்றால், ஒரு நோயே அனைத்தையும் வீழ்த்தக்கூடும். எனவே செயற்கை விதை நாட்டு விதைகளுக்கு மாற்றன்று. விதைவழிப் பெருக்கம் அரிதான பயிர்களுக்கும், அருகிவரும் இரகங்களைக் காப்பதற்கும் உரிய துணையே ஆகும். மண்ணில் முளைக்கும் திறனும் உழவருக்கு எட்டும் விலையுமே அதன் எதிர்காலத்தை முடிவு செய்யும்.