உறைவிடக் கல்லூரியில் முதல் வாரம்

பள்ளி மணி அடித்ததும் வீடு திரும்புவது மாணவரின் வழக்கம். உறைவிடக் கல்லூரியில் அவ்வாறு மாலையில் திரும்பிச் செல்ல வீடு இல்லை. பயிலும் இடமே உண்ணும் இடமாகவும் உறங்கும் இடமாகவும் அமைகின்றது. ஆகவே, அங்குப் புதிதாகச் சேரும் மாணவர் இரண்டினை ஒரே வேளையில் கற்கத் தொடங்குகின்றார். ஒன்று பாடம், அதற்கு நூல் உண்டு, ஆசிரியர் உண்டு. மற்றொன்று அவ்விடத்தில் வாழும் முறை. அதற்குப் பாடநூல் கிடையாது. முன்பே அங்கிருப்பவர் சொல்லித் தந்தால்தான் உண்டு.

இத்தகைய கல்லூரிகளுள் மிகப் பழையன சில, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ளன. அங்குள்ள பீட்டர்ஹவுஸ் என்னும் கல்லூரி 1284ஆம் ஆண்டில் தோன்றியது. இன்று அப்பல்கலைக்கழகத்தில் 31 கல்லூரிகள் இருக்கின்றன. விரிவுரையும் தேர்வும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. தங்கும் அறை, உணவு, தனிப்பட்ட கவனிப்பு, ஓரிருவராக அமர்ந்து ஆசிரியரிடம் பயிலும் சிறுகுழுப் பாடம் ஆகியன கல்லூரியின் பொறுப்பு. இளநிலை மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான இரவுகள், நகரின் நடுவிலுள்ள கிரேட் செயின்ட் மேரி தேவாலயத்திலிருந்து மூன்று மைல் எல்லைக்குள் தங்கியிருத்தல் வேண்டும் என்பது அங்கு விதி. கேட்பவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும், உடன் உறைவதும் கல்வியின் ஒரு பகுதியே என்னும் எண்ணம் இவ்விதியில் புலப்படுகின்றது.

புதிய மாணவர் அக்டோபர்த் தொடக்கத்தில் வந்து சேர்வர். முதலில் அவர்களைக் காண்பவர் வாயிற்காவலர். அறையின் சாவியைத் தருபவரும், வரும் கடிதங்களைப் பிரித்து வைப்பவரும், இரவில் வழி தெரியாமல் நிற்பவருக்கு வழிகாட்டுபவரும் அவரே. பழைய கல்லூரிகளில் அறைகள் நீண்ட நடைவழியில் வரிசையாக இருப்பதில்லை. முற்றத்தைச் சுற்றிப் பல படிக்கட்டுகள் இருக்கும். ஒவ்வொரு படிக்கட்டையும் ஒட்டிச் சில அறைகள் இருக்கும். அங்கு வாழ்பவர்களின் பெயர்கள் படிக்கட்டின் அடியில் எழுதப்பட்டிருப்பதும் உண்டு. தன் பெயரை அப்பலகையில் முதன்முதலாகக் காணும் மாணவருக்குத் தானும் அவ்விடத்திற்கு உரியவர் என்னும் எண்ணம் தோன்றும்.

இவற்றினும் சுவையான ஏற்பாடு ஒன்று உண்டு. இரண்டாம் ஆண்டு மாணவர் இருவர் சேர்ந்து, புதியவர் சிலருக்குக் 'கல்லூரிப் பெற்றோர்' ஆவர். புதியவர் ஊரை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே அவர்களிடமிருந்து மடல் வரும். எதை எடுத்து வர வேண்டும், எதைச் சுமந்து வர வேண்டியதில்லை, துணி துவைக்கும் இடம் எது, எந்தக் கடையில் விலை குறைவு என்பன போன்ற செய்திகள் அதில் இருக்கும். ஒரே பெற்றோரைப் பெற்றவர் உடன்பிறந்தோர் ஆவர். பெற்றோரின் பெற்றோர் தாத்தா பாட்டி ஆவர்! பெயரளவில் இது சிறுபிள்ளை விளையாட்டுப் போன்றதுதான். ஆனால், துணி துவைக்கும் இயந்திரத்தை இயக்கத் தெரியவில்லை என்று பேராசிரியரிடம் சென்று சொல்ல எந்த மாணவருக்கும் நா எழாது. ஓராண்டு மட்டுமே மூத்தவரிடம் அதனைக் கேட்டுவிடலாம்.

முதல் வாரத்தில் முறையான சடங்கும் ஒன்று நடைபெறும். அங்கி அணிந்து, பதிவேட்டில் கையொப்பமிட்டு, குழுவாக ஒளிப்படம் எடுத்துக்கொண்டு, இரவில் பெரிய கூடத்தில் ஒன்றாக உண்பர். இதற்கு 'மெட்ரிகுலேஷன்' என்று பெயர். பதிவேட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது இது. தமிழ்நாட்டில் மெட்ரிகுலேஷன் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் காணப்படும் சொல்லும் இதுவே.

இவ்வளவு ஏற்பாடுகள் உள்ள நகரிலும் ஒருவர் குளிரில் நடுங்கினார். அவர் கணிதமேதை சீனிவாச இராமானுஜன்.

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர். 1914ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் சென்னையில் கப்பலேறி, ஏப்ரலில் இலண்டன் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 26. நெவில் என்னும் கணித ஆசிரியர் அவரை எதிர்கொண்டு அழைத்துச் சென்று, சில வாரங்கள் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். பின்னர் இராமானுஜன் டிரினிட்டி கல்லூரியின் ஓர் அறைக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டு ஜூலை இறுதியில் முதல் உலகப்போர் மூண்டது. மாணவர் பலர் படையிற் சேரச் சென்றனர். கல்லூரி முற்றம் ஒன்றில் காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனை அமைக்கப்பட்டது.

இராமானுஜன் புலால் உண்ணாதவர். அதனால் கூடத்தில் மற்றவரோடு அமர்ந்து உண்ணாமல், தம் அறையிலேயே சமைத்து உண்டார். புளியும் தேங்காய் எண்ணெயும் அஞ்சலில் அனுப்புமாறு ஊருக்குக் கடிதம் எழுதினார். உறைவிடக் கல்லூரியில் நட்பு வளரும் இடம் உணவுக்கூடமே. அவ்விடம் அவருக்கு வாய்க்கவில்லை.

அதே நகரின் கிங்ஸ் கல்லூரியில் அந்நாளில் பயின்றவர் பிரசாந்த சந்திர மகலனோபிசு. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைப் பிற்காலத்தில் நிறுவியவர் இவர். குளிர் மிகுந்த ஒருநாள் இராமானுஜனைக் காணச் சென்றபோது, அவர் கணப்படுப்பை ஒட்டி அமர்ந்திருக்கக் கண்டார். இரவில் குளிர் தெரிகின்றதா என்று வினவினார். மேலங்கியை அணிந்து, சால்வையையும் போர்த்துக்கொண்டு உறங்குவதாகவும், அப்போதும் குளிர் தாங்க முடியவில்லை என்றும் இராமானுஜன் கூறினார். போதிய கம்பளி இல்லையோ என்று ஐயுற்ற மகலனோபிசு, படுக்கையறைக்குச் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன. ஆனால், அவை மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. அந்த மெல்லிய மேல்விரிப்பின் கீழேயே அவர் படுத்து வந்தார். மகலனோபிசு கம்பளிகளை விலக்கிக் காட்டினார். இராமானுஜன் நெகிழ்ந்து போனார் என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

பாயை விரித்துப் படுத்து, போர்வையை மேலே இழுத்துக்கொள்ளும் ஊரிலிருந்து வந்தவருக்கு அக்கட்டிலின் அமைப்பு புரியாதது இயல்பே. கல்லூரியார் கொடியவர் அல்லர். கம்பளியை மறுத்தவரும் அல்லர். படுக்கையை விரித்து வைத்த பணியாளருக்கு, இதனையும் ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. நாள்தோறும் கணிதம் பேசிய நண்பர்களுக்கும் தோன்றவில்லை. அயல்நாட்டிலிருந்து வந்த மற்றொரு மாணவருக்குத்தான் கேட்கத் தோன்றியது. இராமானுஜன் 1918ஆம் ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ ஆனார். அச்சிறப்பினைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

புதியவரின் அறியாமையைக் கண்ட மகலனோபிசு கம்பளியை விலக்கிக் காட்டினார். அதே அறியாமையைக் கண்டு நகைத்து, அதனையே கருவியாக்கிப் புதியவரைத் துன்புறுத்துவோரும் உளர். அதற்குப் பகடிவதை என்று பெயர். மூத்தோரும் இளையோரும் பழகுவதற்கு இது வழி என்று சிலர் சாதிப்பர். அச்சத்தால் விளைவது பழக்கமன்று, பணிவு மட்டுமே. இந்தியாவில் இக்கொடுமையால் மாணவர் உயிரிழந்ததும் உண்டு. தமிழ்நாட்டில் 1996ஆம் ஆண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பின்னர், 1997இல் பகடிவதைத் தடைச்சட்டம் இயற்றப்பட்டது. இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமும் அதில் உண்டு. நாடு முழுமைக்கும் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதிமுறைகளை வகுத்தது. பகடிவதையில் ஈடுபடமாட்டேன் என்று மாணவரும், உடன் பெற்றோரும் உறுதிமொழி எழுதித் தருதல் வேண்டும். புதியவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஓர் ஆசிரியரிடம் ஒப்படைத்தல் வேண்டும். 1800-180-5522 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் முறையிடலாம்.

சட்டம் துன்பத்தைத் தடுக்கும். கம்பளியை விலக்கிக் காட்டுவது அதன் வேலையன்று. இதனை உணர்ந்தே மானியக் குழு 2019இல் 'தீட்சாரம்ப்' என்னும் அறிமுக நிகழ்ச்சிக்கு வழிகாட்டி வெளியிட்டது. வகுப்புகள் தொடங்கும்போதே புதியவர்கள் வளாகத்தையும் ஆசிரியரையும் ஒருவரையொருவரும் அறிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இந்தியாவில் உறைவிடப் பல்கலைக்கழகங்கள் பல உள்ளன. வாரணாசியில் 1916இல் காசி இந்துப் பல்கலைக்கழகமும், சிதம்பரத்தில் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. நாகபுரியில் வளர்ந்த தமிழ் மாணவி ஒருத்தி சிதம்பரத்தில் சேர்கின்றாள் எனக் கொள்வோம். பெயரால் அவள் தமிழ்ப்பெண். ஆயினும் விடுதி அறிவிப்பைத் தமிழில் விரைந்து படிக்க அவளுக்குத் தடுமாற்றம் உண்டாகலாம். தன் ஊரிலேயே தான் புதியவள் ஆவது எவ்வாறு என்று அவளுக்கு வியப்பாகவும் இருக்கும். அவளே வாரணாசியில் சேர்ந்தால் நிலைமை மாறும். அங்கு இந்தி அவளுக்குத் தடையாகாது. ஆனால், திருநெல்வேலியிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய மாணவி ஒருத்தி, உணவுக்கூடத்தின் வாயிலில் தட்டை எங்கே எடுப்பது, சோறு எப்போது வரும் என்று எவரிடமும் கேட்க மொழியின்றி நின்றுகொண்டிருப்பாள். அவ்விரு மொழியும் அறிந்தவள், அந்தக் கூடத்தில் நாகபுரிப் பெண் ஒருத்தியாக மட்டுமே இருக்கக்கூடும்.