படலையும் வேலிப் பொட்டும்

புதிதாகச் செய்யப்பெற்ற தேரொன்று கொட்டகையை விட்டு முதன்முறையாக வெளியே வரும் நாளை நம்மூரார் எளிதில் மறப்பதில்லை. மூர்த்தி எழுந்தருளுமுன் வெறுந்தேரை வீதியிலே இழுத்துப் பார்ப்பதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். அச்சு இறுகுகின்றதா, சில்லு ஒரு பக்கமாய் இழுக்கின்றதா, முட்டுக்கட்டை போட்டவிடத்தே தேர் நிற்கின்றதா என்று தேர் செய்த ஆசாரியார் கூர்ந்து நோக்குவார். அன்று தேர் நடுவீதியில் நின்றுவிட்டாலும் அதனைக் குறையென்று பேசுவது முறையன்று. குறையைக் காண்பதற்காகவே அந்நாள் ஏற்பட்டது.

இக்காலத்தில் தேருக்கு மாத்திரமன்றிக் கேளிக்கைப் பூங்காக்களுக்கும் வெள்ளோட்டம் உண்டு. பெரிய நிறுவனங்கள் புதிய இராட்டினத்தையோ விளையாட்டுத் திடலையோ பொதுமக்களுக்குத் திறக்குமுன், முதலில் தம் ஊழியரையும் அவர்தம் குடும்பத்தாரையும், பின்னர் அழைப்புப் பெற்ற பத்திரிகையாளரையும் உள்ளே விட்டுச் சோதித்துப் பார்க்கின்றன. தேர் வெள்ளோட்டம் ஊரறிய நடப்பது. தேர் ஊருக்குச் சொந்தம். நிறுவனத்தின் வெள்ளோட்டமோ அடைத்த வேலிக்குள்ளே நடப்பது. ஆகவே, அவ்வேலியில் பொட்டுத் தேடுவோரும் எங்கணும் உளர். இவருட் பலர், அப்பூங்காக்களின்மேற் கொண்ட பெருவிருப்பினால் தாமே செய்தியாளராகி, படமெடுத்து உலகுக்குக் காட்டும் இளைஞர்கள். அவர்கள் செய்வது சரியா, பிழையா என்பதே இன்று நாம் வாசகர்முன் வைக்கும் வினா.

ஒரு மாணவனின் கேள்வி

இவ்வினாவை நம்மிடம் கொண்டுவந்தவன் நம் ஒழுங்கையில் வசிக்கும் ஒரு மாணவன். உயர்தர வகுப்பிற் படிப்பவன். கோயிற் கொடியேற்றத்தோடு வரும் இராட்டினமாயினும், விழாக் காலத்துக் கேளிக்கைத் திடலாயினும் அவனுக்கு அவையே உயிர். கைத்தொலைபேசியிற் படம்பிடித்து யூடியூபில் வெளியிடுவான். அவற்றைப் பார்ப்போரும் சில ஆயிரவர் உளர்.

குடாநாட்டில் ஓரிடத்தில் புதிய திடலொன்று அமைந்துகொண்டிருந்தது. இடத்தின் பெயரும் நடத்துவோர் பெயரும் இங்கு வேண்டா. இவனுடைய பெரியம்மாவின் மகன் அங்கே நாட்சம்பளத்துக்கு மின்கம்பி வேலை செய்துவந்தான். திறப்புக்குப் பத்து நாள் முன்னதாக, தமையனின் ஊழியர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மாலை மங்கும் வேளையில் நம் மாணவன் உள்ளே புகுந்துவிட்டான். இருக்கைகளில் ஆட்களுக்குப் பதிலாக மண்மூட்டைகளை ஏற்றிப் பெரிய இராட்டினத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தனர். அது திடீரென்று உச்சியில் நின்றது. இவன் அதைப் படம்பிடித்து, ‘ஆபத்து! புதிய இராட்டினம் அந்தரத்தில் நின்றது!’ என்று தலைப்பிட்டு அன்றிரவே வெளியிட்டான்.

உண்மையில், தடுப்புக்கருவி வேலை செய்கின்றதா என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே அதனை நிறுத்தியிருந்தனர். மூன்றாம் நாள் அட்டை யாருடையது என்பது தெரியவந்தது. தமையனை வேலைக்கு வரவேண்டாமென்று சொல்லிவிட்டனர்.

“மாஸ்டர், நான் ஒண்டும் களவெடுக்கேல்லையே. படந்தானே எடுத்தனான். பத்து நாளையாலை எல்லாரும் பாக்கப்போற சாமானை நான் முந்திக் காட்டினதிலை என்ன பிழை?” என்று கேட்டான். சிறிது நேரம் நிலத்தைப் பார்த்தபடி இருந்துவிட்டு, “அண்ணைக்கு வேலை போட்டுது, மாஸ்டர்” என்றான்.

அவனுக்கு உடனே மறுமொழி சொல்ல நம்மால் இயலவில்லை. சில நாட் சிந்தித்த பின்னர் தோன்றியவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

ஐந்து டொலர் ஏணி

இது இவன் தொடக்கிவைத்த வழக்கமன்று. அமெரிக்காவில், கலிபோர்ணியா மாநிலத்து அனகைம் நகரில், 1955ஆம் ஆண்டு யூலை 17ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, டிஸ்னிலாந்தின் முன்காட்சி நடந்தது. அழைப்புப் பெற்ற பத்திரிகையாளருக்கும் விருந்தினருக்கும் மாத்திரம் என ஏற்பாடு. ஆயின் போலிச் சீட்டு அச்சிட்டோர் பலர். வேலியோரம் ஏணியைச் சாத்திவைத்து, ஏறிக் குதிப்பதற்கு ஆளுக்கு ஐந்து டொலர் வாங்கினான் ஒருவன் என்பது அந்நாளைப் பற்றி இன்றும் சொல்லப்படும் கதை. வந்து சேர்ந்தோர் தொகை ஏறத்தாழ 28,000. உணவு தீர்ந்துபோயிற்று. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் காரணமாகத் தண்ணீர்க் குழாய்களும் போதவில்லை. வெயிலிற் புதுத் தார் இளகிப் பெண்களின் பாதணிக் குதிகள் புதைந்தன. முறையாக அழைக்கப்பெற்று வந்தவர்களே தவித்தனர்.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? 2024ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் நம் யாழ்ப்பாணத்து முற்றவெளியில் நடந்த பெரும் இசைநிகழ்ச்சியில், கூட்டத்தில் ஒரு பகுதியினர் தடுப்புகளைத் தாண்டிக் கட்டணம் செலுத்தியோருக்குரிய பகுதிக்குள் புகுந்ததும், அதனால் நிகழ்ச்சி தடைப்பட்டதும் வாசகர் நினைவில் இருக்கும். வேலி தாண்டுவோன், தான் ஒருவனே தாண்டுவதாக எண்ணிக்கொள்கிறான். அவனுக்குப் பின்னால் நிற்போரும் அவ்வாறே எண்ணுகின்றனர் என்பது அவனுக்குத் தோன்றுவதில்லை.

தாண்டத் தகுந்த வேலி

ஆனால், மறைவாக உட்புகுதல் எக்காலத்தும் பிழை என்று சொல்லிவிட்டாற் பத்திரிகைத் தொழிலின் பெருமையிற் பாதியை அழித்தவராவோம். 1887ஆம் ஆண்டில் நெல்லி பிளை என்னும் இளம்பெண், பித்துப் பிடித்தவள் போல நடித்து, நியூயோர்க்கின் பிளக்வெல் தீவிலிருந்த மனநோயாளர் விடுதியுட் புகுந்தார். பத்து நாள் அங்கிருந்து, நோயாளிகள் பட்ட கொடுமைகளை வெளியே கொண்டுவந்தார். அரசினர் விசாரணை நடத்தினர். பராமரிப்புக்குக் கூடிய பணமும் ஒதுக்கப்பட்டது. அவர் பொய் சொல்லித்தான் உள்ளே போனார். ஆயினும் அவரைக் குறைகூறுவார் இலர். ஏன்? அவர் கண்ட உண்மை வாசற் கதவால் என்றைக்குமே வெளிவந்திராது.

பொய் சொல்லிப் புகுந்தமை சட்டத்தின்முன் முற்றும் மறைந்துபோவதில்லை என்பதையும் இளைஞர் அறிதல் வேண்டும். ஃபூட் லயன் என்னும் அமெரிக்க அங்காடிக் கொம்பனியில், ஏ.பி.சி. தொலைக்காட்சிச் செய்தியாளர் இருவர் பொய்யான விவரங்களைக் கொடுத்து வேலையிற் சேர்ந்தனர். பழுதான இறைச்சி விற்கப்படுவதாக, ஒளித்துவைத்த கருவியாற் படம்பிடித்து, 1992இல் ஒளிபரப்பினர். வழக்கு நடந்தது. 1997இல் ஐம்பத்தைந்து இலட்சம் டொலர் தண்டம் கொடுக்குமாறு யூரிமார் தீர்த்தனர். 1999இல் மேல்நீதிமன்றம் அத்தொகையை இரண்டே டொலராக்கியது. எனினும் அத்துமீறி நுழைந்தது குற்றமே என்பதை அந்நீதிமன்றம் மாற்றவில்லை. நன்மை கருதித் தாண்டியவனுங்கூட, தாண்டினேன் என்று ஒப்புக்கொண்டு விலை கொடுக்க வேண்டியவனே.

பிரித்தானியப் பத்திரிகையாளர் தேசிய சங்கம் 1936 முதலே தன் உறுப்பினருக்கு ஒழுக்கக் கோவையொன்றை வகுத்துள்ளது. செய்தியை நேர்மையாகவும் வெளிப்படையாகவும் பெறவேண்டும். பொதுநலன் மிகப் பெரிதாயிருந்து, வேறெவ்வழியாலும் சான்று கிட்டாதவிடத்து மாத்திரமே விலக்கு உண்டு என்பது அதன் கருத்து. இதனையே நம்மூர் வழக்கிற் சொல்வதானால், படலை திறக்கும் வரையிற் காத்திருந்தாற் கிடைக்கக்கூடியதற்காகப் பொட்டால் நுழையாதே. படலை ஒருபோதும் திறவாதெனின், உள்ளே ஒருவர் கூக்குரலும் கேட்குமெனின், அப்போது யோசி.

நம் மாணவன் கண்ட இராட்டினம் பத்து நாளில் எல்லாருக்கும் சுழலப்போவது. அதற்காகத் தமையனின் சம்பளத்தைப் பணயம் வைத்தான். நிறுவனம் இழந்தது மிகச் சிறிது. பெரியம்மா வீட்டில் இழந்ததோ மிகப் பெரிது. மறைவாகப் பெற்ற செய்திக்கெல்லாம் இவ்வாறு திரைக்குப் பின்னால் விலை கொடுக்கும் சிறிய மனிதன் ஒருவன் இருப்பது பெரும்பாலும் உறுதி. அன்றியும், ஒளித்து நின்றவனால் ஒருவரையும் விளக்கங் கேட்க முடியவில்லை. ஆகவே சோதனையை விபத்தென்று எழுதினான். பிள்ளைகளைப் பெற்றவர் பலரை வீணே கலங்க வைத்தான்.

“உண்மையாப் பழுதெண்டால் என்ன செய்யிறது, மாஸ்டர்?” என்று பின்னொரு நாள் கேட்டான். நியாயமான கேள்வி. சென்னையை அடுத்த கிஷ்கிந்தா பூங்காவில், 2016ஆம் ஆண்டு மே மாதம், புதிய விளையாட்டுச் சாதனமொன்றின் வெள்ளோட்டத்தின்போதே விபத்து நேர்ந்து, ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். வேறு சிலர் காயமுற்றனர். இதிலிருந்து இரண்டு பாடங்கள் பெறலாம். வெள்ளோட்ட நேரத்தில் அந்நியன் அங்கே நிற்பது அவன் உயிருக்கே ஆபத்து என்பது ஒன்று. பழுதை மறைத்துத் திடலைத் திறக்கப்போகின்றனர் என்று அறிந்தவன் வாய்மூடி இருத்தலாகாது என்பது மற்றையது. ஆனால் அப்போதும் முதற்கடமை காணொளிக்குத் தலைப்புத் தேடுவதன்று. பொறுப்புள்ள அதிகாரிகளுக்கு அறிவிப்பது. அவர்கள் அசட்டை செய்தால் ஊரறியச் சொல்வது அடுத்தது.

அழைப்பிதழும் ஒரு வேலி

இவ்வளவும் சொன்னதனால் நாம் நிறுவனங்களுக்காக வழக்காடுவதாக எண்ணவேண்டா. விருந்துக்கு அழைப்பவன் தன் விருப்பப்படி பேச வைக்கவும் வல்லவன். 2017இல் லொஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகை, டிஸ்னி நிறுவனத்துக்கும் அனகைம் நகருக்கும் இடையேயுள்ள பணத் தொடர்புகளை ஆராய்ந்து எழுதியது. அது பிடிக்காமற்போகவே, தன் திரைப்படங்களின் முன்காட்சிக்கு அப்பத்திரிகையின் விமரிசகர் வருவதை நிறுவனம் தடுத்தது. அமெரிக்க விமரிசகர் சங்கங்கள் நான்கு ஒன்றுகூடி, தடை நீங்கும்வரை தம் விருதுகளுக்கு டிஸ்னி படங்களை எடுத்துக்கொள்ளோம் என்று அறிவித்தன. நவம்பர் 7ஆம் நாள் தடை நீங்கியது. அழைப்பிதழுக்காக உண்மையை விழுங்குபவன், வேலி தாண்டுபவனிலும் நல்லவனல்லன். இலவசமாகச் சென்றவன் ‘இலவசமாகச் சென்றேன்’ என்று வாசகருக்குச் சொல்லவும் கடமைப்பட்டவன்.

நேர்வழிகள் இல்லாமலில்லை. அமெரிக்காவின் ஓர்லாண்டோவில் 2025 மே 22ஆம் நாள் திறக்கப்பெற்ற எபிக் யூனிவேர்ஸ் என்னும் பூங்காவின் கட்டட வேலைகளை ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து எழுதினர். வானிலிருந்து படம்பிடித்தனர், பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும் அனுமதிப் பத்திரங்களைப் படித்தனர். நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கின்றது. ஒரு திடலுக்கு அனுமதி கொடுக்குமுன் எவ்விதச் சோதனை நடந்தது என்று உள்ளூராட்சி மன்றத்தை எழுத்தில் வினவ எந்தக் குடிமகனுக்கும் உரிமையுண்டு. இதற்கு அடையாள அட்டையை இரவல் வாங்க வேண்டியதில்லை. ஒரு கடதாசி போதும்.

1841இல் உதயதாரகை வெளிவந்த காலந்தொட்டு நம் குடாநாட்டுக்குப் பத்திரிகை மரபொன்று உண்டு. 2006ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் இரவு ‘உதயன்’ காரியாலயத்துட் புகுந்த ஆயுதபாணிகளால் ஊழியர் இருவர் கொல்லப்பட்டனர். படலையால் வெளிவராத செய்திகளை மக்களுக்குச் சொல்லப் புகுந்தோர் இம்மண்ணிற் கொடுத்த விலை அத்தகையது. செய்தியாளன் என்னும் பெயரைச் சூடிக்கொள்ளும் இளைஞர், துணிவு என்னும் சொல்லை எங்கே செலவிடுகிறோம் என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பார்களாக.

நம் மாணவன் அந்தப் படத்தை நீக்கிவிட்டான். தான் உள்ளே போன விதத்தையும், சோதனையை விபத்தென்று தவறாகச் சொன்னதையும் விளக்கி, தன் முகத்தைக் காட்டியே வேறொரு படம் வெளியிட்டான். திடலை நடத்துவோருக்குத் தமையனின் பொருட்டுக் கடிதமும் எழுதினான், மறுமொழி வரவில்லை.

திறப்பு நாளன்று வரிசையில் நின்று சீட்டு வாங்கிக்கொண்டு போனான். எந்த உயரத்துப் பிள்ளைகளை எதில் ஏற்றலாம், ஒரு குடும்பத்துக்கு என்ன செலவாகும், நிழலும் மலசலகூடமும் எங்கே உள்ளன, சக்கர நாற்காலியில் வருவோருக்குப் பாதை உண்டா என்பனவற்றையெல்லாம் பொறுமையாகக் காட்டியிருக்கின்றான். பெரிய பத்திரிகைக்காரர் எவருக்கும் தோன்றாத விவரங்கள் அவை. நமக்கு அதைப் பார்க்க மகிழ்ச்சியாயிருந்தது.

தமையன் அன்று அங்கே இல்லை. கொடிகாமத்தில் வீடு கட்டுமிடமொன்றில் இரண்டு நாள் வேலை கிடைத்ததென்று போயிருந்தான்.