தொழில் தொடங்குமுன் ஒரு கணக்கு

போர்ட் பிளேயர் நகரம் 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அந்நகரைச் சேர்ந்த டாலிகஞ்சில் ஒரு தொழிற்பேட்டை உண்டு. தாயகத்தை விட்டு அந்தமானில் குடியேறிய தமிழர் பலருக்கும், சேர்த்த பொருளைக் கொண்டு சொந்தத் தொழில் ஒன்று நடத்த வேண்டுமென்னும் ஆவல் எழுவது இயல்பே. அவ்வாவலுக்குத் துணையாக நிற்பது தொழில் திட்ட அறிக்கை.

திட்ட அறிக்கை என்றதும், வங்கியில் கடன் பெறுவதற்கான காகிதம் என்றே பலர் கருதுகின்றனர். படிவம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருப்பதால், எழுதும் பொறுப்பையும் பிறரிடம் ஒப்படைத்துவிடுகின்றனர். கையொப்பம் மட்டும் தம்முடையது, கணக்கோ வேறொருவருடையது! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் சொல்வேன்: படிவத்தை மொழிபெயர்க்கப் பிறர் உதவலாம், கணக்கைத் தாமே தமிழில் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒருவர் தேங்காய் எண்ணெய் ஆட்டி விற்க எண்ணுகிறார். லிட்டர் விலை 400 ரூபாய். தேங்காய், புட்டி, ஏற்றுகூலி ஆகியவற்றுக்கு 350 ரூபாய். மிச்சம் 50 ரூபாய். வாடகை, சம்பளம், கடன் தவணை முதலியன மாதம் 40,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். அப்படியானால் 800 லிட்டர் விற்றால்தான் வரவும் செலவும் சமமாகும். ஆயிரம் விற்றால் 10,000 ரூபாய் இலாபம். அறுநூறே விற்றால் அதே அளவு நஷ்டம். அத்தனை எண்ணெயை வாங்குவோர் யார், இப்போது அவர்கள் எங்கே வாங்குகின்றனர் என்று விசாரித்தறிவதே அறிக்கையின் முதற்பணி.

தீவுக்கே உரிய மற்றொரு செலவும் உண்டு. தேங்காய் உள்ளூரிலேயே விளையும். புட்டியும் இயந்திர உறுப்புகளும் சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து வரவேண்டும். பருவமழைக் காலத்தில் கப்பல் தாமதித்தால் புட்டியின்றி ஆலை நிற்கும். வாடகையும் தவணையும் நில்லா. ஆகவே, கூடுதல் சரக்கு வாங்கி வைக்கவும், ஒரு மாதச் செலவைத் தாங்கவும் தனியே பணம் ஒதுக்குதல் அவசியம்.

இவ்வகை நடைமுறை மூலதனத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு. 1991-ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி நியமித்த நாயக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, சிறுதொழிலின் ஆண்டு விற்பனையில் நான்கில் ஒரு பங்கைத் தேவையாகக் கொண்டு, நூற்றுக்கு 20 பங்கை வங்கியும் 5 பங்கை உரிமையாளரும் தருவது என்னும் முறை ஏற்பட்டது. நம் உதாரணத்தில் மாதம் ஆயிரம் லிட்டர் என்றால் ஆண்டு விற்பனை 48 இலட்சம். தேவை 12 இலட்சம். அதில் சொந்தப் பங்கு 2 இலட்சத்து 40 ஆயிரம். இயந்திரத்துக்கே கையிருப்பு முழுவதையும் செலவிட்டவர் இவ்விடத்தில்தான் இடறுகிறார்.

தொழில் தொடங்கிய பின்னும் அறிக்கையைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாகாது. மாதந்தோறும் எதிர்பார்த்ததையும் நடந்ததையும் அருகருகே எழுதிப் பார்த்தால், குறை சிறிதாயிருக்கும்போதே புலப்படும். கணக்குப் பாதகமாயிருந்தால் தொழிலைத் தொடங்காமல் விடுவதும் அறிக்கை தரும் பயனே. காகிதத்தில் காணும் நஷ்டம் ஓர் அழிப்பானால் தீரும். கடையில் காணும் நஷ்டத்தில் பல்லாண்டு உழைப்பின் சேமிப்பன்றோ கரைந்து போகும்?