சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சிவப்பு நிறம்தான். ஆனால், அத்தகைய காரைப் புதுப்பிக்க முனைகின்றவரைப் பார்த்துப் பட்டறைக்காரர் கேட்கும் முதல் கேள்வியே அவரைத் திணறடித்து விடும். "சிவப்பு சரி, எந்தச் சிவப்பு?"

இதற்குத் தவறான விடை சொல்லிவிட்டால் பிறகு திருத்துவது கடினம். புதுச் சாயம் பூசுவதற்கு முன் பழைய சாயத்தைச் சுரண்டி எடுத்து விடுகிறார்கள். கார் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் எப்படி இருந்தது என்பதற்கான சான்றும் அதோடு போய்விடுகிறது.

முதலில், இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடுகளுக்கிடையே நடந்த கார்ப் பந்தயங்களில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம் அமைந்தது. பிரிட்டனுக்குப் பச்சை, பிரான்சுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளை, இத்தாலிக்குச் சிவப்பு. இத்தாலியர்கள் அதனை 'ரோஸ்ஸோ கோர்ஸா', அதாவது பந்தயச் சிவப்பு என்கிறார்கள். ஆல்பா ரோமியோ, மாசெராட்டி, பெராரி ஆகிய மூன்றும் அந்நிறத்தில்தான் ஓடின. ஆகவே அது ஒரு நிறுவனத்தின் நிறமன்று. ஒரு நாட்டின் நிறம். 1964இல் இத்தாலிய மோட்டார் சங்கத்தோடு பிணக்கு ஏற்பட்டபோது, என்ஸோ பெராரி ஆண்டின் கடைசி இரு பந்தயங்களுக்குத் தம் கார்களை வெள்ளை, நீல நிறத்தில் அனுப்பித் தம் கோபத்தைக் காட்டினார். அந்த நிறக் காரை ஓட்டித்தான் ஜான் சர்ட்டீஸ் அவ்வாண்டு உலக வெற்றியாளரானார்.

இனி, சிவப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பெராரியின் 'ரோஸ்ஸோ டினோ' ஆரஞ்சு கலந்தது. 'ரோஸ்ஸோ ரூபினோ' மாணிக்கக் கல்லைப் போல் அடர்ந்தது. போர்ஷே கார்களில் ஆங்கிலத்தில் 'கார்ட்ஸ் ரெட்' எனப்படும் பளிச்சென்ற சிவப்புக்கு ஜெர்மன் மொழியில் 'இந்தியச் சிவப்பு' என்று பெயர். பெயரை மட்டும் நம்பினால் என்னவாகும் பாருங்கள்! ரோஸ்ஸோ கோர்ஸா என்ற ஒரே பெயருக்குக்கூட 300/6, 322 எனக் காலத்திற்கேற்ப வெவ்வேறு சாயக் குறியீடுகள் இருந்துள்ளன.

சரி, குறியீடு தெரிந்தால் போதுமா? போதாது. சிவப்புச் சாயம் நீலம், பச்சை ஒளியை உள்வாங்கிக் கொண்டு சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிறது. ஆற்றல் மிகுந்த அந்த நீல ஒளியும் வெயிலின் புற ஊதாக் கதிர்களும் நாளடைவில் நிறத்துகள்களைச் சிதைக்கின்றன. மேலே தெளிபூச்சு இல்லாத பழைய சாயம் வெளுத்து, சுண்ணாம்பு படிந்தது போல் இளஞ்சிவப்பாகி விடுகிறது. துணியால் தேய்த்தால் துணியே சிவக்கும். நம் நாட்டு வெயிலில் இது இன்னும் விரைவாக நடக்கும். மேலும், சிவப்புச் சாயத்திற்கு அடியில் உள்ளதை மறைக்கும் திறன் குறைவு. ஆதலால் அடிப்பூச்சு சாம்பல் நிறமா, வெள்ளையா என்பதைப் பொறுத்து மேலே தெரியும் சிவப்பும் மாறும்.

அப்படியானால் உண்மையான நிறத்தை எங்கே தேடுவது? வெயில் படாத இடங்களில். பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கதவின் உட்பலகையைக் கழற்றிப் பாருங்கள். அங்கே மெல்லத் துடைத்தால் பழைய நிறம் தெரியும். பிறகு தகட்டுத் துண்டுகளில் அதே அடிப்பூச்சின் மேல் மாதிரிகள் அடித்து, அருகில் வைத்து ஒப்பிடுங்கள். பட்டறையின் குழல் விளக்கில் ஒன்றுபோல் தோன்றும் இரு சிவப்புகள் வெளியே வெயிலில் வேறாகத் தெரியலாம். எனவே பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். புகைப்படத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

பழைய சாயம் இன்னும் தாங்குமானால், மெருகேற்றி அப்படியே விட்டுவிடுவதே சிறப்பு. பூசித்தான் ஆகவேண்டும் என்றால், உங்களுக்குப் பிடித்த சிவப்பையே பூசுங்கள், கார் உங்களுடையது. ஆனால், மறைவான ஓர் இடத்தில் உள்ளங்கை அளவு பழைய சாயத்தை மட்டும் தொடாமல் விட்டுவையுங்கள். நாளை அந்தக் காரை வாங்குபவர் "எந்தச் சிவப்பு?" என்று கேட்கும்போது, விடை அந்தக் காரிலேயே இருக்கும்.