காய்ச்சலை எழுப்பும் செய்தி

பெங்களூருவில் ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற மரங்கள் அடர்ந்த பழைய குடியிருப்புகளும், நாள்தோறும் கட்டடம் எழும் புறநகர்களும் மழைக்காலத்தில் ஒன்றுபோல அஞ்சும் நோய் டெங்கு. கர்நாடக அரசு 2024 செப்டம்பரில் அதனைக் கொள்ளைநோயாக அறிவித்து, நீரைத் தேங்கவிட்டுக் கொசு பெருக இடங்கொடுப்போருக்கு அபராதமும் வகுத்தது. அந்தக் காய்ச்சலைப் பெரிதும் எழுப்புவது, வைரஸின் வருகையை உணர்ந்த எதிர்ப்பு அணுக்கள் தம்முள் அனுப்பிக்கொள்ளும் வேதிச் செய்திகளே.

ஏடிஸ் கொசு கடிக்கும்போது தோலுக்குள் இறங்கும் வைரஸ், அங்கே காவலிருக்கும் டென்ட்ரிடிக் செல்களுக்குள் புகுந்து, ஆர்.என்.ஏ. எனும் தன் மரபிழையை அவிழ்த்து விடுகிறது. அந்த இழை படியெடுக்கப்படும்போது உருவாகும் புதிய இழைகளுக்கு, மனித செல்லின் ஆர்.என்.ஏ.வில் பொதுவாகக் காணப்படாத முனை அமைப்பு இருப்பதால், ரிக்-ஐ என்ற உணர்வுப் புரதம் அவற்றை அயலானவை என்று அறிந்து, மைட்டோகாண்டிரியாவின் மேற்புறத்திலுள்ள மேவ்ஸ் என்ற புரதத்தைத் தூண்டுகிறது. அங்கிருந்து புரதத்துக்குப் புரதமாகக் கைமாறிச் செல்லும் செய்தி உட்கருவை அடைந்ததும், 1957இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மான் இருவரும் கண்டறிந்த இன்டர்ஃபெரான் சுரக்கத் தொடங்கி, அண்டை செல்களை முன்கூட்டியே எச்சரிக்கிறது.

வைரஸும் வாளாவிருப்பதில்லை. அதன் என்.எஸ்.5 புரதம், இன்டர்ஃபெரானின் கட்டளையை உட்கருவுக்குக் கொண்டுசெல்லும் ஸ்டாட்-2 புரதத்தைச் சிதைத்துவிடுகிறது. ஆய்வகங்கள் டெங்குவை உறுதிசெய்யத் தேடும் என்.எஸ்.1 புரதமோ குருதியில் கலந்து, வழக்கமாகப் பாக்டீரியாவை உணரும் டி.எல்.ஆர்.4 ஏற்பியைத் தூண்டி, அழற்சிப் பொருள்களைச் சுரக்கச் செய்வதுடன் நுண்குழாய்ச் சுவர்களையும் தளர்த்துகிறது. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகைக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள்கள் பின்னாளில் வரும் வேறொரு வகையை அழிக்க முடியாமல் பற்றிக்கொண்டு, அதனை எதிர்ப்பு அணுக்களுக்குள்ளேயே சேர்த்துவிடுவதுண்டு என்பதால், இரண்டாம் தொற்று கடுமையாக அமையும் வாய்ப்பு கூடுகிறது.

தட்டணு எண்ணிக்கையையே குடும்பங்கள் கவலையுடன் நோக்குகின்றன. ஆனால் உயிருக்கு ஊறு செய்வது பெரும்பாலும் நுண்குழாய்களிலிருந்து குருதிநீர் கசிவதே. அது காய்ச்சல் தணியும் நாள்களில்தான் நிகழ்கிறது என்பதால், உடல் குளிர்ந்ததும் நோய் நீங்கிற்று என்று எண்ணுவது பேராபத்து. தீராத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறுகளில் குருதிக் கசிவு ஆகியவை அப்போது தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகுல் ராய் குழுவினர், 1956 முதல் 2018 வரை திரட்டப்பட்ட 408 இந்திய டெங்கு மரபுத் தொடர்களை ஆராய்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டனர். 2012 வரை முதலாம், மூன்றாம் வகைகள் மேலோங்கியிருக்க, பின்னர் இரண்டாம் வகை பெருகியதையும், தென்னிந்தியாவில் நான்காம் வகை வேரூன்றி வருவதையும் அவை காட்டின. வகைகள் இவ்வாறு மாறிவரும் ஊரில், முன்பே ஒருமுறை டெங்கு கண்டவர்களே கூடுதல் கவனத்துக்கு உரியவர்கள்.