படை கலைந்த பிறகு

சென்னை மூர்மார்க்கெட் நிலையத்தில் மின்சார ரயிலேறி மேற்கே போகிறவர்கள் வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயில் என்று ஒவ்வொன்றாகக் கடந்து ஆவடி போய்ச் சேருகிறார்கள். ஆவடி என்ற பெயர் எப்படி வந்தது என்று வண்டியில் கேட்டுப் பாருங்கள். அது ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களைக் கோத்துச் செய்த பெயர், கவச வண்டியும் வெடிமருந்துக் கிடங்கும் அதற்குள் அடக்கம் என்று யாராவது ஒருவர் அடித்துச் சொல்லுவார். கதை நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே ஏற்பட்டது 1961-ல். அதற்கு ஆறு வருஷம் முன்னதாகவே, 1955 ஜனவரியில், காங்கிரஸ் மகாசபை அவ்வூரில் கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயம் அமைப்பதென்று தீர்மானம் செய்து, ஆவடியின் பெயரைத் தேசமெங்கும் பரப்பிவிட்டது. ஊர்ப் பெயர் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது.

எனினும், அந்தப் பிரதேசத்துக்கும் சிப்பாய்களுக்கும் உள்ள உறவு நெடுநாளையது என்பதில் சந்தேகமில்லை. பக்கத்துப் பூந்தமல்லியில் கும்பினியார் காலத்திலிருந்தே வெள்ளைக்காரத் துருப்புகள் தங்கியிருந்தன. இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஆவடியில் ராணுவத் தளம் அமைந்தது. இன்றைக்கும் அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் வீதிகளில், காலையில் நிமிர்ந்த நடையோடு பால் வாங்கப் போகும் பெரியவர் ஒருவரைக் கண்டால், 'இவர் பழைய பட்டாளத்துக்காரர்' என்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்ளலாம். அவர் வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு புத்தகம் இருக்கும். பட்டாளத்தில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பெற்ற பதக்கங்கள், நடத்தை எப்படி என்ற குறிப்பு எல்லாம் அதில் பதிந்திருக்கும். மாதந்தோறும் அவருக்குப் பென்ஷன் வருவதும், அவர் காலத்துக்குப் பிறகு அவர் மனைவிக்கு வருவதும் அந்தப் புத்தகத்தின் பலத்தினால்தான்.

அந்தப் புத்தகம் இல்லாத சிப்பாய்களைப் பற்றியே இங்கே சொல்ல வந்தேன்.

இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் கொடியின் கீழ்ச் சேவை செய்த இந்தியர்கள் சுமார் 25 லட்சம் பேர். கட்டாயச் சட்டம் எதுவும் இல்லாமல் தாமாகச் சேர்ந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோரைச் சேரச் செய்தது சாம்ராஜ்ய பக்தி அல்ல, வயிற்றுப்பாடுதான் என்று சொன்னால் அவர்களே கோபித்துக்கொள்ள மாட்டார்கள். யுத்தம் முடிந்ததும் சர்க்கார் அவர்களைக் கணக்குத் தீர்த்து, கையில் காகிதம் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிற்று.

அதே யுத்தத்தில் தாமாகச் சேர்ந்த இன்னொரு படையும் இருந்தது. 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் வீழ்ந்தபோது சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களிலிருந்து முதலில் உருவாயிற்று இந்திய தேசிய ராணுவம். கேப்டன் மோகன் சிங் அமைத்த அந்தப் படை அவ்வருஷக் கடைசியிலேயே கலைந்துபோயிற்று. 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்ற பின்னர் அதற்கு இரண்டாவது ஜன்மம் கிடைத்தது. இம்முறை வந்து சேர்ந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் துப்பாக்கியைத் தொட்டே அறியாதவர்கள். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள், கடைச் சிப்பந்திகள், குமாஸ்தாக்கள். பர்மாவில் மூட்டை சுமந்தவர்கள். இவர்களில் மிகப் பெரும் பகுதியினர் தமிழர்கள். தஞ்சாவூரையும் ராமநாதபுரத்தையும் பெற்றோர் வாய்ச்சொல்லால் மாத்திரம் அறிந்த பிள்ளைகள், பார்த்திராத தேசத்துக்காகப் பர்மா எல்லை வரை போனார்கள்.

பெண்களும் வந்தார்கள். ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்ற டாக்டர் லக்ஷ்மி, சென்னை வக்கீல் சுவாமிநாதனுக்கும் ஸ்ரீமதி அம்மு சுவாமிநாதனுக்கும் புதல்வி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறியவர். கோலாலம்பூரில் நேதாஜியின் பிரசங்கத்தைக் கேட்ட ஜானகி என்ற பதினெட்டு வயதுப் பெண், காதிலிருந்த தோட்டைக் கழற்றி அங்கேயே கொடுத்துவிட்டாள். வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை நம் வாசகிகளுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. தோடு போனதோடு நிற்கவில்லை. பெண்ணும் படையில் சேர்ந்து, பிறகு லக்ஷ்மிக்கு அடுத்த ஸ்தானத்துக்கு உயர்ந்தாள்.

1944-ல் இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. மழையும் மலேரியாவும் பசியும் குண்டுகளுக்குத் தப்பியவர்களை வாட்டின. 1945 ஏப்ரலில் நேதாஜி ரங்கூனை விட்டுப் புறப்பட்டபோது, நகரத்தில் கொள்ளையும் கலவரமும் நேராமல் காக்கும் பொறுப்பைச் சில ஆயிரம் வீரர்களிடம் ஒப்படைத்தார். அவர்களுக்குத் தலைவர் மேஜர் ஜெனரல் லோகநாதன். அவரும் தமிழர், அவரும் டாக்டர். மே மாத ஆரம்பத்தில் பிரிட்டிஷார் வந்து சேரும் வரையில் அவர்கள் ரங்கூனைக் காத்துக் கொடுத்துவிட்டுக் கைதிகளானார்கள்.

பிறகு நடந்ததில் பாதி எல்லோருக்கும் தெரியும். டில்லி செங்கோட்டையில் 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், ஸேகல், தில்லான் மூவர் மீதும் விசாரணை தொடங்கியது. பூலாபாய் தேசாய் வாதாடினார். ஜவாஹர்லால் நேரு பல வருஷங்களுக்குப் பிறகு வக்கீல் அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார். நாடு கொந்தளித்தது. 1946 ஜனவரி 3-ந் தேதி, ஆயுள் தண்டனையைப் பிரதம சேனாதிபதி ஆக்கின்லெக் ரத்து செய்தார். ஆனால் வேலை நீக்கமும் சம்பளப் பறிமுதலும் நிலைத்தன. மற்றப் பழைய ராணுவத்தாரையும் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று நிறம் பிரித்தார்கள். கறுப்பு என்று முத்திரை விழுந்தவனுக்கு வேலையும் போயிற்று, பாக்கிச் சம்பளமும் போயிற்று.

சுதந்திரம் வந்தது. இனி நம்முடைய சர்க்கார்தானே, பட்டாளத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள் என்று இவர்கள் எதிர்பார்த்ததில் பிழையுண்டா? சேர்த்துக்கொள்ளவில்லை. 1948-ல் நேரு சர்க்காரே அப்படி முடிவு செய்தது. பழைய ராணுவத்தில் நிலைத்து நின்றவர்களும் இவர்களும் ஒரே அணியில் நின்றால் கட்டுப்பாடு குலையும் என்ற அச்சம் இருந்தது. அந்தக் காரணத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது பழைய சிப்பாய்களுக்குச் சொன்ன காரணம். தோட்டத்திலிருந்து வந்தவன் எந்தப் பட்டாளத்திலும் திரும்பச் சேர ஆசைப்படவில்லை. அவனைப் பற்றி யாருமே பேசவில்லை என்பதுதான் விஷயம்.

தலைவர்களுக்கு வழி பிறந்தது. ஷா நவாஸ் கான் பார்லிமெண்டுக்குப் போய் உப மந்திரியுமானார். ஆபித் ஹஸன் ராஜதந்திரப் பதவிகள் வகித்தார். லக்ஷ்மி 1947 மார்ச்சில் ஸேகலை மணந்து கான்பூரில் குடியேறினார். அங்கே பிரசவ வைத்தியமும் ஏழைகளுக்கு மருத்துவமுமாக அறுபது வருஷத்துக்கு மேல் உழைத்தார். தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் காலையில் நோயாளிகளைப் பார்த்து வந்தார். 2002-ல் ஜனாதிபதி தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்று தோற்றார். ராமேசுவரத்துத் தமிழருக்கும் சென்னையில் பிறந்த படைத் தலைவிக்கும் நடந்த அந்தப் போட்டியைத் தமிழ்நாடு ஏனோ அவ்வளவாகக் கொண்டாடவில்லை. 2012 ஜூலை 23-ந் தேதி தமது 97-வது வயதில் காலமானார். தோடு கழற்றிக் கொடுத்த ஜானகி மலேயாவிலேயே தங்கி, மலாயா இந்தியக் காங்கிரஸை 1946-ல் தோற்றுவித்தவர்களில் ஒருவராகி, ஸ்ரீமதி ஜானகி ஆதி நாகப்பன் என்ற பெயரோடு செனட்டராகவும் விளங்கினார். பாரத சர்க்கார் அவருக்கு 2000-ல் பத்மஸ்ரீ விருது அளித்தது.

தோட்டத்துக்குத் திரும்பியவன் கதை வேறு. அவன் கையில் ஏதேனும் பணம் இருந்தால் அது ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டு. ஜப்பான் சரணடைந்த மறுநாள் அது அடுப்பெரிக்கத்தான் உதவிற்று. திரும்பி வந்தவன் அதே துரையின் கீழ், அதே ரப்பர் மரத்தின் முன் நின்றான். ஆனால் அவன் பழைய ஆள் அல்லன். துரையின் மோட்டார் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அக்காலத்துத் தோட்டங்களின் எழுதாத சட்டம். மேஜர்களையும் கர்னல்களையும் தன் நிறத்திலேயே பார்த்துவிட்டவன் எதற்காக இறங்குவான்?

கெடா ராஜ்யத்தில் பீடோங் அருகே ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை ஒன்று கிளம்பியது. பழைய ஐ.என்.ஏ.க்காரர்கள் கற்றுவந்த அணிவகுப்பும் கட்டுப்பாடும் அதில் பயன்பட்டன. அவர்கள் எதிர்த்தது டாங்கியை அல்ல, கள்ளுக்கடையை! தோட்டக்காரனே கள்ளுக்கடை வைத்து, கொடுத்த கூலியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை மறியல் செய்தார்கள். கள் நின்றது, அதோடு கூலி உயர்வு கேட்கும் துணிவும் வந்தது. 1947-ன் ஆரம்பத்தில் போலீஸார் புகுந்தனர். கைகலப்பில் உயிர்ச்சேதம் நேர்ந்தது. பலர் சிறைக்குப் போயினர்.

தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து போன எஸ். ஏ. கணபதியின் முடிவு இன்னும் கொடியது. ஐ.என்.ஏ.வில் இருந்துவிட்டு, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானவர் அவர். அவசர கால ஆட்சியில், துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக, இந்திய சர்க்கார் குறுக்கிட்டுக் கேட்டும் பயனின்றி, 1949 மே 4-ந் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

பர்மாவில் தங்கியவர்களுக்கு இடி இருபது வருஷம் கழித்து விழுந்தது. 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் தேசியமயமானபோது, பல தலைமுறையாக வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறிச் சென்னைக்கு அகதிகளாய் வந்து இறங்கினார்கள். கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே 1969-ல் தோன்றிய பர்மா பஜார் அவர்கள் பிழைக்கக் கண்ட வழி. அந்தக் கூட்டத்தில் ஒரு காலத்தில் 'டில்லி சலோ' என்று முழங்கினவர்களும் இருந்தார்கள். இந்தியாவை விடுவிக்கப் புறப்பட்டவர்கள், விடுதலையாகிப் பதினெட்டு இருபது வருஷம் சென்று, அகதி என்ற சீட்டோடு அதன் கரையை மிதித்தார்கள்.

இனிப் பென்ஷனுக்கு வருவோம். தியாகிகளுக்கு சென்னை ராஜ்ய சர்க்கார் 1966-லும், மத்திய சர்க்கார் வெள்ளிவிழா ஆண்டான 1972-லும் பென்ஷன் ஏற்படுத்தின. மத்திய சர்க்கார் தந்தது ஆரம்பத்தில் மாதம் 200 ரூபாய். ஐ.என்.ஏ.க்காரர்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். மகிழ வேண்டிய காரியந்தான். ஆனால் ஆறு மாதமாவது சிறையிலிருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். ரங்கூன் முகாமில் முள்வேலிக்குள் கிடந்தவனுக்கு யார் ரசீது கொடுத்தார்கள்? காகிதம் இல்லையேல் உடனிருந்த கைதி சான்று தரலாம் என்று விதியில் இடம் உண்டு. அந்த உடன் கைதி ஈப்போவில் இருப்பார்; அல்லது ரங்கூனிலேயே இருப்பார்; அல்லது இறந்திருப்பார்.

விண்ணப்பங்கள் திரும்பி வந்தன. ஒரு கச்சேரியிலிருந்து இன்னொரு கச்சேரிக்கு நடந்தவர்களில் சிலர் நீதிமன்றங்களின் படியேறினார்கள். விண்ணப்பம் தாமதமாக வந்தது என்பதற்காகத் தள்ளிவிடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 1993-ல் கூறிற்று. தியாகியிடம் கொலை வழக்கில் கேட்பதுபோல் சந்தேகத்துக்கு இடமற்ற சாட்சியம் கேட்கலாகாது, தாராள மனத்தோடு பார்க்க வேண்டும் என்று 2001-ல் மறுபடியும் எடுத்துரைத்தது.

1943-ல் பதினெட்டு வயதில் ரப்பர்க் கத்தியை வைத்துவிட்டு வந்த பையனுக்கு, அந்தத் தீர்ப்பு வந்த வருஷத்தில் வயது எழுபத்தாறு.