லண்டன் பச்சை மூடியும் காஞ்சிபுரம் பச்சை பாக்கெட்டும்... வெளிநாட்டில் எந்தப் பாலை வாங்குவது?

காஞ்சிபுரத்தில் பால் பூத்துக்குப் போய், "ஒரு ப்ளூ, ஒரு ஆரஞ்சு" என்று நிறத்தை மட்டும் சொல்லி பாக்கெட் வாங்கியே வளர்ந்தவரா நீங்கள்? அப்படியென்றால் லண்டன் போய் இறங்கிய முதல் வாரமே ஏமாறப் போகிறீர்கள். சூப்பர் மார்க்கெட் ஃப்ரிட்ஜில் பச்சை மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் கேன் வரிசையாக நிற்கும். பச்சைன்னா நம்ம ஊர்ல கெட்டிப் பால்தானே என்று கை தானாகப் போகும். வீட்டுக்கு வந்து, சூட்கேஸில் சுமந்துபோன ஃபில்டரில் டிகாக்ஷன் இறக்கி, அந்தப் பாலை ஊற்றினால் காபி கழுநீர் மாதிரி இருக்கும். காபித் தூள் மேலதான் முதல் சந்தேகம் வரும். பாவம், தூள் என்ன செய்யும்?

பிரிட்டனில் பச்சை மூடி என்றால் பாதி கொழுப்பு எடுத்த பால். கொழுப்பு 1.8 சதவிகிதத்துக்குள்தான் இருக்கும். சிவப்பு மூடி, கொழுப்பே கிட்டத்தட்ட இல்லாதது. நீல மூடிதான் அங்கே முழுப் பால். கொழுப்பு சுமார் 3.6 சதவிகிதம். நம்ம ஆவினில் நீலம் என்றால் 3 சதவிகிதம், பச்சை 4.5, ஆரஞ்சு 6. நிறங்கள் கிட்டத்தட்ட தலைகீழ். அமெரிக்காவில் இன்னொரு குழப்பம். அங்கே மூடி நிறத்துக்கு ஊர் முழுக்கப் பொதுவான விதியே கிடையாது, கம்பெனிக்கு கம்பெனி மாறும். அதனால் நிறத்தை மறந்துவிட்டு எண்ணைப் பாருங்கள்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பட்டுச்சேலை எடுக்கப் போனால் ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று கடைக்காரரைக் குடைந்து எடுப்போம். பாலில் கொழுப்பு எவ்வளவு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. 2023 கடைசியில் பச்சை பாக்கெட்டுக்குப் பதிலாக 3.5 சதவிகித 'டிலைட்' ஊதா பாக்கெட்டை ஆவின் கொண்டுவந்தபோது எழுந்த எதிர்ப்பில்தான் பலருக்கு அந்த எண்ணே கண்ணில் பட்டது.

இதில் ஒரு சங்கதி ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவில் 'முழுப் பால்' என்று விற்பதற்கு 3.25 சதவிகிதக் கொழுப்பு போதும். அதாவது அங்கே இருப்பதிலேயே கெட்டியான சாதாரணப் பால், நம்ம ஊர் நீல பாக்கெட்டைவிட ஒரு மயிரிழைதான் கெட்டி. காரணம் மாடு. நம் நாட்டுப் பாலில் கிட்டத்தட்ட பாதி எருமைப் பால். எருமைப் பாலில் கொழுப்பு 6, 7 என்று போகும். அங்கே இருப்பது ஹோல்ஸ்டீன் பசுக்கள். பால் நிறைய கொடுக்கும், ஆனால் தண்ணியாகத்தான் கொடுக்கும். "இங்க பால்ல ருசியே இல்லம்மா" என்று போனில் புலம்புகிறவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆரஞ்சு பாக்கெட்டை நாமே செய்யலாம்

அமெரிக்காவில் 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' என்று ஒன்று விற்கும். பாலும் க்ரீமும் கலந்தது, குறைந்தது 10.5 சதவிகிதக் கொழுப்பு. முழுப் பால் 5 டம்ளருக்கு இது 3 டம்ளர் கலந்தால் 6 சதவிகிதம் வந்துவிடும். பிரிட்டனில் இன்னும் சுலபம். 'சிங்கிள் க்ரீம்' 18 சதவிகிதம். நீல மூடிப் பால் 5 பங்கு, சிங்கிள் க்ரீம் 1 பங்கு. அவ்வளவுதான், கணக்கு கச்சிதமாக 6. கூடவே ஒரு ஸ்பூன் பால் பவுடரும் கலந்துகொள்ளுங்கள். ஏனென்றால் நம்ம ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பைத் தவிர்த்த திடப்பொருளும் 9 சதவிகிதம் இருக்கும். கள்ளிச்சொட்டு மாதிரி என்று நாம் சொல்கிற அந்தக் கனம் கொழுப்பால் மட்டும் வருவதில்லை. கலக்கச் சோம்பேறித்தனமா? பிரிட்டனில் 'கோல்டு டாப்' என்ற ஜெர்சி மாட்டுப் பால் கிடைக்கும். சுமார் 5 சதவிகிதம். விலை கூடுதல். தினமும் வேண்டாம், பொங்கலுக்கு வாங்கலாம்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு 2024-லிருந்து இன்னொரு வழியும் உண்டு. மிச்சிகன் மாநிலப் பால் உற்பத்தியாளர்களின் கூட்டுறவோடு சேர்ந்து அமுல் அங்கேயே புதுப் பாலை விற்க ஆரம்பித்தது. அமுல் கோல்டு 6 சதவிகிதம், சக்தி 4.5, தாஸா 3. மாடு அமெரிக்க மாடு, அளவு நம்ம அளவு. இந்தியர்கள் அதிகம் இருக்கிற ஊர்களின் மளிகைக் கடைகளில் தேடிப் பாருங்கள்.

ரூபாயில் பெருக்காதீர்கள்

விமானம் ஏறிப் போன எல்லோருக்கும் முதல் ஆறு மாதம் ஒரு வியாதி இருக்கும். எதை எடுத்தாலும் மனசுக்குள் ரூபாயால் பெருக்குவது. பாலுக்கும் அதே கதைதான். 2024 விலையில் பார்ப்போம். பிரிட்டன் சூப்பர் மார்க்கெட்டில் 4 பைன்ட் கேன், அதாவது 2.27 லிட்டர், 1.45 பவுண்டு. லிட்டருக்கு ஏறக்குறைய 68 ரூபாய். அமெரிக்காவில் ஒரு கேலன், 3.78 லிட்டர், சராசரியாக 4 டாலர். லிட்டர் சுமார் 88 ரூபாய். நம்ம ஆவின் நீலம் 40 ரூபாய், கடையில் ஆரஞ்சு 60. 'ஐயோ, இங்க ரெண்டு மடங்கு விலை' என்று பாலைக் குறைத்து, கறுப்புக் காபிக்கு மாறுகிற மாணவர்கள் உண்டு. பால்தான் கையில் இருக்கிற மலிவான புரதம் என்கிற நிலையில் இருப்பவர்கள் அதையே முதலில் வெட்டுகிறார்கள்.

பெருக்கலை விட்டுவிட்டு நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 2024 ஏப்ரலில் பிரிட்டனில் 21 வயதைத் தாண்டியவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்டாக இருந்தது. அந்த நாலு பைன்ட் கேனுக்கு எட்டு நிமிடம்கூட உழைக்க வேண்டாம். லிட்டருக்கு மூன்றரை நிமிடத்துக்குள். அமெரிக்காவின் மத்திய அரசுக் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து 7.25 டாலரிலேயே நிற்கிறது. அந்தக் கூலியிலும் ஒரு லிட்டருக்கு 9 நிமிடம்தான். இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்கு வாருங்கள். 2024-25-ல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 319 ரூபாய். எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 40 ரூபாய். ஒரு லிட்டர் நீல பாக்கெட்டுக்கு முழுசாக ஒரு மணி நேரம். இதில் யாருக்குப் பால் விலை அதிகம்? உங்களுக்கா, உங்களை அனுப்பிவைத்துவிட்டு ஊரில் இருப்பவர்களுக்கா?

வாரம் 20 மணி நேரம் மட்டும் வேலை பார்க்க அனுமதி உள்ள மாணவராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. வாடகையில்தான் உங்கள் பணம் போகிறது. பாலில் மிச்சம் பிடித்து வாடகை கட்ட முடியாது.

ஆனால் இந்தச் சமாதானம் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பொருந்தாது. ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற நாடுகளில்தான் பால் அதிக விலை என்பது வேடிக்கை. சிங்கப்பூரில் 2 லிட்டர் புதுப் பால் சுமார் 6 சிங்கப்பூர் டாலர். துபாயில் லிட்டர் 6, 7 திர்ஹம். இரண்டு இடத்திலும் ரூபாய்க்கு மாற்றினால் லிட்டர் நூறைத் தாண்டிவிடும். ஒன்றில் மேய்ச்சல் நிலம் இல்லை, இன்னொன்றில் தண்ணீர் இல்லை. குளிரூட்டிய கொட்டகையில் மாட்டை வைத்து, தீவனத்தைக் கப்பலில் வரவழைக்க வேண்டும். சவூதியின் அல்மராய் நிறுவனம் மாட்டுத் தீவனத்துக்காக 2014-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் நிலமே வாங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். லண்டனில் எம்.எஸ் படிக்கிறவருக்கு மலிவாகக் கிடைக்கிற பால், கட்டட வேலைக்குப் போன அண்ணனுக்குத்தான் விலை கூடுதல். ஓர் அறையில் பல பேர், ஒரே ஃப்ரிட்ஜ் என்கிற விடுதியில் புதுப் பாலை எங்கே வைப்பது? அதனால்தான் அங்கே பால் பவுடரும் டின் பாலும் ராஜா. துபாய் டீக்கடையின் 'கரக்' டீயில் இருக்கிற கெட்டி, தண்ணீரைச் சுண்டவைத்து டப்பாவில் அடைத்த பாலிலிருந்து வருவது. அதை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். சர்க்கரை சேர்க்காத டின் பால் சத்தில் நல்ல பால்தான். சர்க்கரை சேர்த்த கண்டென்ஸ்டு மில்க்கோடு குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

2017 ஜூனில் கத்தார் மீது சவூதி உள்ளிட்ட அண்டை நாடுகள் தடை போட்டபோது, தோஹா கடைகளில் சவூதிப் பால் வருவது நின்றுபோனது. துருக்கியிலிருந்து அவசரமாகப் பால் வந்தது. அடுத்த மாதமே ஹோல்ஸ்டீன் மாடுகளை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். கத்தாரில் இருந்த நம்மவர்கள் ஊருக்குப் போன் பண்ணி, "இங்க மாடு ஃப்ளைட்ல வருது" என்று சொன்னால் யார் நம்பியிருப்பார்கள்!

சிங்கப்பூரில் ஒரு காலத்தில் மாடு ஊருக்குள்ளேயே இருந்தது. லிட்டில் இந்தியாவில் இன்றைக்கும் பஃபல்லோ ரோடு உண்டு. அதற்குப் பக்கத்தில் கெர்பாவ் ரோடு, மலாயில் அதற்கும் எருமை என்றுதான் அர்த்தம். அந்த ஊரின் புகழ்பெற்ற கே.கே. மகப்பேறு மருத்துவமனையின் முழுப் பெயர் கண்டாங் கெர்பாவ், எருமைக் கொட்டில். அந்தப் பகுதியில் மாட்டுத் தொழிலை நடத்தியதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு.

சரி, பணக்கார நாடுகளில் பால் ஏன் இவ்வளவு மலிவு? மாடு மலிவாகக் கறப்பதால் மட்டும் இல்லை. பாலைக் காட்டித்தான் சூப்பர் மார்க்கெட் உங்களை உள்ளே இழுக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2011 ஜனவரி 26 அன்று கோல்ஸ் கடைகள் லிட்டர் பாலை 1 டாலருக்கு இறக்கின. போட்டிக் கடைகளும் இறக்கின. அந்த விலை 2019 வரை அசையவே இல்லை. தீவனம் ஏறியது, டீசல் ஏறியது, வறட்சி வந்தது, பால் மட்டும் 1 டாலர். பிரிட்டனில் 2015 ஆகஸ்ட்டில் விவசாயிகள் கோபத்தில் ஸ்டாஃபோர்ட் நகர சூப்பர் மார்க்கெட் ஒன்றுக்குள் இரண்டு மாடுகளையே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நம் ஊரில் 2023 மார்ச்சில் கொள்முதல் விலையை 7 ரூபாய் உயர்த்தச் சொல்லி ஆவினுக்குப் பால் ஊற்றுவதை நிறுத்திப் போராடினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் கிடைத்தது 3 ரூபாய் ஊக்கத்தொகை. பசும்பால் லிட்டர் 35-லிருந்து 38 ஆனது. மலிவு பாலின் மிச்சப் பணத்தை எந்த ஊரிலும் மாடு வைத்திருப்பவர்தான் கட்டுகிறார்.

தயிர் விஷயத்துக்கு வருவோம்

தயிர் சாதம் இல்லாமல் இருக்க முடியாதவர்கள் இதை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் தயிர் உறையாததற்குப் பால் காரணமில்லை, சமையலறைக் குளிர்தான் காரணம். காஞ்சிபுரத்தில் ராத்திரி மேடையில் வைத்தால் காலையில் தயிர். லண்டன் சமையலறையில் 18 டிகிரி. பாக்டீரியா போர்வை போர்த்தித் தூங்கிவிடும். பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவைத்து உறை ஊற்றி, அடுப்பு அவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு எட்டு மணி நேரம் வையுங்கள். உறை மோருக்கு, 'லைவ் கல்ச்சர்' என்று எழுதியிருக்கிற, இனிப்பில்லாத சாதாரணத் தயிர் போதும். ஊரிலிருந்து டப்பாவில் தயிர் கொண்டுபோக நினைக்காதீர்கள். பிரிட்டனுக்குள் இந்தியாவிலிருந்து தயிர், பனீர் போன்றவற்றைக் கையில் கொண்டுபோக அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவில் எந்தப் பால் பொருளையும் அறிவிக்காமல் கொண்டுபோய் மாட்டினால் அபராதம். பாட்டி வழி, காம்போடு இருக்கிற மிளகாயைப் பாலில் போடுவது. வேலை செய்யும், ஆனால் முதல் ஈடு சுமாராகத்தான் வரும். அதையே உறையாக வைத்து இரண்டாவது ஈடு போட்டால் தேறும்.

பெட்டியில் அடைத்து ஆறு மாதம் வெளியில் கெடாமல் இருக்கிற பாலிலும் தயிர் வரும். 135 டிகிரிக்கு மேல் சில நொடி சூடாக்கிய பால் அது. தயிர் கொஞ்சம் இளகலாக இருக்கும், லேசாகக் காய்ச்சிய வாசனை வரும். தனி ஆளாக, வாரம் இரண்டு முறை மட்டும் காபி போடுகிறவருக்கு இந்தப் பால்தான் லாபம். ஓட்ஸ் பாலில் மட்டும் உறை ஊற்றிப் பார்க்காதீர்கள், அது நம்ம தயிராக மாறாது. வெளிநாட்டுப் பாலில் மேலே ஆடை சரியாகக் கட்டாதது கலப்படம் இல்லை. கொழுப்பை மிகச் சிறு துளிகளாக உடைத்துவிடுவதால் அது மேலே மிதந்து வருவதில்லை. வெண்ணெய் எடுக்க ஆசைப்பட்டால் க்ரீம் வாங்கிக் கடைய வேண்டியதுதான்.

இன்னொன்று. காலையில் கிண்ணம் நிறைய சீரியலில் பச்சைப் பால் ஊற்றிச் சாப்பிட ஆரம்பித்த பிறகு வயிறு உப்புசமாக இருக்கிறதா? நம் ஊரில் காபியில் கால் டம்ளர் பால், மீதியெல்லாம் தயிர், மோர் என்று பழகிய உடம்பு அது. தயிராகும்போது பாலின் லாக்டோஸ் சர்க்கரை ஓரளவு குறைந்துவிடும். லாக்டோஸ் இல்லாத பால் எல்லாக் கடையிலும் இருக்கிறது, ஒரு வாரம் மாற்றிப் பாருங்கள். அந்த சர்க்கரையை முன்கூட்டியே உடைத்திருப்பதால் பால் கொஞ்சம் தித்திக்கும், காபிக்கு அரை ஸ்பூன் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம்.